வாடகையை மட்டும் பார்த்து இயந்திரத்தை இறக்கலாமா?

சேற்று வயலில் இறங்கினால் கால் கணுக்காலுக்கு மேல் புதைகிறது. அதே ஆள் பரம்புப் பலகையின் மேல் ஏறி நின்றால் பலகை புதைவதில்லை. சேற்றின் மேல் வழுக்கிச் செல்கிறது. ஆளின் எடை குறைந்துவிட்டதா? இல்லை. எடை அகலமாகப் பரவி விழுகிறது, அவ்வளவுதான். எடையைப் பரப்பால் வகுத்தால் வருவதே அழுத்தம்.

காவிரி டெல்டாவில் சம்பா அறுவடைக்கு இயந்திரம் பேசும்போது இந்தக் கணக்கை நாம் மறந்துவிடுகிறோம். மணிக்கு என்ன வாடகை என்று மட்டும் கேட்கிறோம். டயர் இயந்திரத்துக்கு வாடகை குறைவுதான். ஆனால் மண் கொடுக்கும் விலை என்ன?

8,000 கிலோ எடையுள்ள டயர் இயந்திரத்தின் நான்கு சக்கரங்களும் சேர்ந்து 5,000 சதுர செ.மீ. மண்ணைத் தொடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு சதுர செ.மீ.க்கு 1.6 கிலோ விழுகிறது. 3,000 கிலோ எடையுள்ள பெல்ட் இயந்திரத்தில், 40 செ.மீ. அகலமுள்ள இரு பெல்ட்டுகள் 150 செ.மீ. நீளத்துக்கு மண்ணில் படிந்தால் பரப்பு 12,000 சதுர செ.மீ. விழுவது கால் கிலோதான்.

அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு மெழுகுப் பதத்தில் தெளித்த உளுந்து, டயர் தடத்தில் நசுங்கிப் போகிறது. தடத்தில் நீர் தேங்கி மீதியும் அழுகுகிறது. இறுகிய அடிமண் நெல்லுக்குத் தண்ணீரை நிறுத்தித் தரும். உளுந்தின் ஆணிவேருக்கோ அது சுவர்.

அகலமான டயர் மாட்டினால் போதும் என்பாரும் உண்டு. மேல்மண் ஓரளவு தப்பும். ஆனால் மொத்த எடை அதிகமானால் இறுக்கம் ஆழத்துக்கும் இறங்கும். அதைச் சாதாரணக் கலப்பை உடைக்காது.

ஆகவே, வாடகை பேசும்போதே இயந்திரத்தின் எடையையும் பெல்ட்டின் அகலத்தையும் கேளுங்கள். அறுவடைக்குப் பத்து நாள் முன்பே வயல் நீரை வடித்துவிடுங்கள். நெல் ஏற்றும் டிரெய்லரை வயலுக்குள் விடாமல் பாதையிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். பெல்ட் இயந்திரமும் நின்ற இடத்தில் சுழன்றால் மண்ணைப் பெயர்க்கும். அகலமாக வளைந்து திரும்பட்டும். பக்கத்து வயல்காரர்கள் ஒன்றுசேர்ந்து ஒரே நாளில் அறுத்தால், கூடுதல் வாடகையைப் பேசிக் குறைக்க வழி உண்டு.

வாடகையில் மிச்சம் பிடித்ததை உளுந்தில் இழப்பது சிக்கனம் ஆகாது.