துளை தளர்ந்தால் திருகாணியைப் பெரிதாக்கலாமா?

சென்ற இதழில் தையல் இயந்திரத்துக்கு எண்ணெயிடும் முறையைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர் சிலர், தம் வீட்டிலுள்ள பழைய மோட்டார் வண்டியைக் குறித்தும் எழுதவேண்டும் எனக் கேட்டிருக்கின்றனர். கொல்கத்தாவில் வாழும் நம்மவர் சிலர் தந்தையார் வாங்கிய அம்பாசடர் வண்டியை இன்றும் போற்றிக் காத்து வருகின்றனர். மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியைத் தழுவி, 1950-களின் பிற்பகுதியில் உத்தர்பாராவில் பிறந்தது அவ்வண்டி. அதன் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றுபோயிற்று. ஆகவே, உட்புறத்துப் பலகை ஒன்று பாழானால் புதியது வாங்கிக்கொள்ளலாம் என்று இருப்பதற்கில்லை. உள்ளதைக் காப்பதே வழி.

அவ்வண்டிகளின் உட்புறத்தில் முதலில் கெடுவது திருகாணித் துளையே. கதவின் உட்பலகை, வெயில் மறைப்பு, வாசற்படித் தகடு முதலியன சிறு திருகாணிகளால் பிடிக்கப்பட்டிருக்கும். பல முறை கழற்றிப் பூட்டியபின் திருகாணி சுற்றிக்கொண்டே இருக்கும், இறுகாது. அறிவு பிசகியவனை 'மரை கழன்றவன்' என்று நம் ஊரில் சொல்வது எத்துணைப் பொருத்தம் என்பது அப்போது விளங்கும்.

இதற்குப் பலரும் செய்யும் வைத்தியம், அடுத்த அளவுத் திருகாணியை இட்டு முடுக்குவதாகும். இதுவே கேட்டுக்கு வித்து. 6-ஆம் எண் திருகாணியின் தடிப்பு 3.5 மில்லிமீட்டர், 8-ஆம் எண் 4.2, 10-ஆம் எண் 4.8. இவ்வாறு இரண்டு முறை ஏறினால் தகட்டில் பிடிப்பதற்கு இடமே இராது. பெரிய திருகாணி நுழைவதற்காகப் பலகையின் துளையையும் அகலப்படுத்த நேரும். மேலும், தடித்த திருகாணியைத் தேடுகையில் நீண்டதே பெரும்பாலும் கைக்குக் கிடைக்கும். நமது அன்பர் ஒருவரின் வண்டியில் ஒரு பட்டறைக்காரர் கதவுப் பலகைக்கு நீண்ட திருகாணியை முடுக்கிவிட்டார். கண்ணாடியை இறக்கியபோது அதன் முனை உராய்ந்து நெடுங்கீறல் விழுந்தது. ஒரு ரூபாய்த் திருகாணியால் கண்ணாடி போயிற்று. ஆதலின், திருகாணியைப் பெரிதாக்காமல் துளையைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவதே முறை.

முதலில், குற்றம் துளையினுடையதா, திருகாணியினுடையதா என்று ஆராய்க. பழைய வண்டிகளில் அங்குலக் கணக்குத் திருகாணிகள் உண்டு. அங்குலத்துக்கு 28 மரை கொண்ட கால் அங்குலத் துளையில் 6 மில்லிமீட்டர்த் திருகாணி முதலில் எளிதாக நுழைவது போலத் தோன்றும். ஆனால் இரண்டின் மரையிடைவெளியும் வெவ்வேறு. முடுக்கினால் மரை அழியும். எனவே, கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும், இடத்தின் பெயர் எழுதிய காகித உறையில் இட்டு வைக்கவேண்டும். எழுத்தர் வேலை எமக்குக் கற்பித்த பழக்கம் இது, இங்கும் பயன்படுகிறது.

இனி, துளை எதில் உள்ளது என்று பார்க்க.

இரும்புத் தகடாயின்: ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனமே உள்ள தகட்டில், தானே மரை வெட்டிக்கொள்ளும் திருகாணிக்கு ஓரிரு மரையே பிடிக்கும். துளையின் விளிம்பு பிதுங்கியிருந்தால், பின்னால் கனமான இரும்புத் துண்டு ஒன்றை அணைத்துப் பிடித்து, முன்னால் சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டுக. விளிம்பு சமமாகித் துளை சற்றே குறுகும். துளை தகட்டின் ஓரத்தில் இருந்தால் 'யு' வடிவ எஃகுக் கிளிப்பைச் செருகுவது மிக நல்லது. திருகாணி பின்னர் அந்தக் கிளிப்பையே பற்றும். இரண்டுக்கும் இடமில்லையேல், பின்புறத்தை உப்புத்தாளால் தேய்த்துத் துரு நீக்கி, சிறு தகட்டுத் துண்டு ஒன்றை எப்பாக்சிப் பசையால் ஒட்டுக. ஒரு நாள் முழுதும் காயவிட்டு, 6-ஆம் எண்ணுக்கு 2.8 மில்லிமீட்டர் அளவில் துளையிடுக. துளைத்த விளிம்புக்கு ரெட் ஆக்சைடு பூசாவிடில் இவ்வூர் மழைக்காலம் அதை அரித்துவிடும்.

மரமாயின்: பிசின் தோய்த்த மூங்கிற் சிம்புகளைத் துளையில் இறுகச் செருகி, ஓர் இரவு காயவிட்டு, மிகுதியை நறுக்குக. பின்னர் 2 மில்லிமீட்டர் அளவில் புதிதாகத் துளைத்துத் திருகாணியை இடுக.

ரெக்சின் ஒட்டிய ஹார்டுபோர்டாயின்: அதில் மரை நிற்காது, திருகாணி அதனூடே சென்று தகட்டையே பற்றுகிறது. துளை கிழிந்திருந்தால், பின்புறம் மெல்லிய ஹார்டுபோர்டுத் துண்டு ஒன்றை ஒட்டிப் புதுத் துளையிட்டு, திருகாணித் தலைக்குக் கிண்ண வடிவ வாஷர் இடுக. ரெக்சினைத் தொடவே வேண்டுவதில்லை.

துளையிடுமுன் மூன்று எச்சரிக்கைகள். முகப்புப் பலகையின் அருகே வேலை செய்வதாயின், பின்னால் மின்கம்பிகள் ஓடும். பாட்டரி இணைப்பை முதலில் கழற்றுக. கதவில் துளையிடும்போது கண்ணாடியை முற்றும் மேலே ஏற்றிவைத்து, வேண்டிய ஆழத்துக்கு மேல் துளையாணி செல்லாதபடி அதில் நாடாவைச் சுற்றுக. இருக்கை, கதவுக் கீல், இருக்கை வார் ஆகியவற்றின் போல்டுகளுக்கு இப்பசை வைத்தியம் ஒருபோதும் ஆகாது. அங்கே உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. கைதேர்ந்த மெக்கானிக்கிடமே செல்லவேண்டும்.

சீர்செய்த துளை மீண்டும் கெடாதிருக்க வழி எளிது. திருகாணியை வைத்ததும் முதலில் இடப்புறமாக மெல்லத் திருப்புக. 'டிக்' என்று பழைய மரையில் அது விழுவது கைக்குத் தெரியும். அதன்பின் வலப்புறம் திருப்புக. எல்லாத் திருகாணிகளையும் தளர்வாக இட்டபின்னரே ஒவ்வொன்றாக இறுக்குக. தலை பலகையில் படிந்ததும் நிறுத்துக. மின் திருப்புளி வேண்டா. மரையில் சிறிது மெழுகு தடவினால் அடுத்த முறை கழற்றுவதும் சுலபம்.

பசை காயும் நேரம் நீங்கலாக, இவ்வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக்குள் முடியும். வீட்டுச் சிறுவரையும் அருகில் இருத்திக்கொள்க. பாட்டனார் வண்டியை நாளை காக்கப்போகிறவர்கள் அவர்களே. அடுத்த இதழில், கதவு ரப்பர் வழியே மழைநீர் கசிவதைத் தடுக்கும் முறையைக் காண்போம். ஐயமுடையோர் சங்க முகவரிக்கு எழுதுக.