“கார்ட்டூன்தானே!” என்னும் பெற்றோருக்கு

“கார்ட்டூன்தானே, பார்க்கட்டும்” என்போர் ஒருபுறம், “அனிமேயா? அணைத்துவிடு” என்போர் மறுபுறம். பிள்ளை எதைப் பார்க்கிறான் என்பதை இரு சாராருமே அறிய முற்படுவதில்லை.

கணக்கைப் பாருங்கள். 2002இல் தொடங்கி 2017இல் முடிந்த நருட்டோவின் இரு தொடர்களும் சேர்ந்து 720 பகுதிகள். 1999இல் தொடங்கிய ஒன் பீஸ் 1,100 பகுதிகளைக் கடந்துவிட்டது. பகுதிக்கு 20 நிமிடம் என்றாலும் 360 மணி நேரத்திற்கு மேல்! காலத்தின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் சூராவை ஓதும் நாம் இதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

நருட்டோவில் மூலக்கதையில் இல்லாத இட்டுநிரப்பல் பகுதிகள் ஏராளம். அவற்றைத் தாண்டிச் செல்வதால் கதை கெடாது. அதனினும் மேல், முடிவுள்ள தொடரைத் தேர்வது. ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட் 64 பகுதிகளில் நிறைவுறுகிறது. இறந்த தாயை உயிர்ப்பிக்க முயன்று, தம் உடலையே விலையாகக் கொடுத்த இரு சகோதரர்களின் கதை அது. குருதிக் காட்சிகள் உண்டு. ஆகவே சிறுவர்களுக்கன்று, பதின்ம வயதினருக்கே.

பெற்றோர்களே! உடன் அமர்ந்து பாருங்கள். உயிரளிப்பவன் யார் என்று பிள்ளையிடம் கேளுங்கள். அடுத்த பகுதி தானாக ஓடும் வசதியை நிறுத்துங்கள். நாளுக்கு ஒரு பகுதி போதும்; பாங்கொலி கேட்டால் அதுவும் நிற்கட்டும். கைப்பேசியைப் பறிப்பது மட்டும் தர்பியத் ஆகாது.