உடைக்கப்பட்ட அணைகள்

ஒல்லாந்தர் நமது புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்று பெயரிட்டிருந்தனர். அப்பெயருக்கு மூலமான நகரம் ஒல்லாந்தின் வால்கெரன் என்னும் முன்னாள் தீவில் உள்ளது. அத்தீவின் பெரும்பகுதி கடல்மட்டத்துக்குத் தாழ்ந்த வயல்நிலம். கடலணை நின்றாலன்றி அங்கு வாழ்வு இல்லை.

1944 ஒக்ரோபர் 3ஆம் நாள், வெஸ்ற்கப்பெல் என்னும் ஊரில் அவ்வணையைப் பிரித்தானிய விமானங்கள் குண்டுவீசித் தகர்த்தன. அடுத்த சில நாட்களில் மேலும் மூன்றிடங்களில் கரை உடைக்கப்பட்டது. வெஸ்ற்கப்பெலில் மட்டும் 150க்கு மேற்பட்ட குடிமக்கள் மாண்டனர். ஓர் ஆலையினுள் தஞ்சம் புகுந்த நாற்பதுக்கு மேற்பட்டோர் அங்கேயே மூழ்கினர். முதல்நாள் துண்டுப்பிரசுரம் வீசி எச்சரித்தார்களாம்! எதிரியின் காவலிலிருந்த தீவில் குழந்தை குட்டிகளுடன் எங்கே ஓடுவது?

அன்ற்வேர்ப் துறைமுகத்துக்குக் கப்பல்கள் செல்ல வேண்டும். கழிமுகத்தை ஜேர்மன் பீரங்கிகள் காத்து நின்றன. ஆதலால் இது தவிர்க்கவியலாதது என்பது வாதம். பாசிசம் முறியடிக்கப்பட வேண்டியதே. அதில் நமக்கு ஐயமில்லை. ஆயின் அப்பீரங்கிகள் இருந்தவையோ கரையோர மணற்குன்றுகளின் மேல். வெள்ளம் எதிரியின் நடமாட்டத்தை முடக்கியது உண்மை. உடைப்பினூடே படைகள் நுழைந்ததும் உண்மை. எனினும் நவம்பர் 1ஆம் நாள் சுடுகுழல்களுக்கு நேரே சென்று இறங்கிய படையினர் பெருந்தொகையாய் மடிந்தனர். குன்றின்மேல் நின்ற பீரங்கிகள் மூழ்கவில்லை, குடியானவனின் வயல் மூழ்கியது. கடைசி உடைப்பு 1946 தொடக்கத்திலேதான் அடைக்கப்பட்டது. அதுவரை நாள்தோறும் இருமுறை கடல் ஏறி இறங்கிற்று, மரங்கள் பட்டன.

உப்பு என்ன செய்யும் என்பதை யாழ்ப்பாணத்தானுக்கு விளக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல்லின் அடியில் உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீரே நமது கிணறுகளின் சொத்து. அதைக் காக்கவே தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன. யுத்த காலத்தில் அவை கவனிப்பாரற்றுப் பழுதடைந்தன. குண்டு விழாமலே உவர் உட்புகுந்தது.

1977ஆம் ஆண்டின் ஜெனீவா மேலதிக நெறிமுறைகள், குடிமக்களுக்குப் பேரழிவு விளையுமாயின் அணைகளைத் தாக்கலாகாது என்று விதித்தன. எனினும் 2009 ஜனவரியில், இராணுவத்தின் முன்னேற்றத்தைத் தடுக்கவெனக் கல்மடுக்குளத்தின் அணைக்கட்டைப் புலிகள் தகர்த்தனர். அரச படைகளின் குண்டுவீச்சை நாம் கண்டித்தோம், கண்டித்தது சரியே. கல்மடுவைப் பற்றியோ நமது முற்போக்கு மேடைகளில் பேச்சுமூச்சில்லை. குளம் எவருடையது? இயக்கத்துடையதா, அதன்கீழ் நெல் விதைத்தவனுடையதா? “போராட்டத்தின் தேவை” என்று விடையிறுக்கும் நண்பர்கள், வெஸ்ற்கப்பெலை உடைத்தோரும் தேவை என்றே சொன்னார்கள் என்பதை எண்ணிப் பார்ப்பார்களாக.