'தெரிஞ்ச வக்கீல் யாராச்சும் இருக்காங்களா?': வாட்ஸ்அப் குரூப்பில் கேட்க வேண்டிய கேள்வியா இது?

"அவசரம். தாம்பரம் பக்கம் தெரிஞ்ச வக்கீல் யாராச்சும் இருக்காங்களா? ஹவுஸ் ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டேங்குறார்."

இப்படி ஒரு மெசேஜ் வராத அலுவலக வாட்ஸ்அப் குரூப் சென்னையில் இருக்காது. பத்தே நிமிடத்தில் மூன்று நம்பர்கள் வந்து விழும். முதலாமவர் யாரோ ஒருவருடைய மாமாவின் நண்பர். இரண்டாமவர் கல்லூரி சீனியர். ஆனால், அவர் பார்ப்பதெல்லாம் கம்பெனி சட்டம். மூன்றாவது நம்பரை அனுப்பியவருக்கே அவர் யாரென்று சரியாகத் தெரியாது. இந்த மூன்றில் ஒருவரை நம்பித்தான் வக்காலத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.

பிரியாணிக் கடைக்குக்கூட நாலு ரிவ்யூ பார்த்துவிட்டுப் போகிற தலைமுறை, வக்கீல் விஷயத்தில் மட்டும் இப்படித் தடுமாறுவதற்குக் காரணம் இருக்கிறது.

இந்தியாவில் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது. பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 36-வது விதி அதைத் தடுக்கிறது. 2008-ல் ஒரு சின்ன ஜன்னல் திறந்தார்கள். பெயர், முகவரி, தொலைபேசி எண், பதிவு எண், படிப்பு, எந்த வகை வழக்குகளைப் பார்க்கிறார் போன்ற விவரங்களை மட்டும் வழக்கறிஞர் தன்னுடைய இணையதளத்தில் போட்டுக்கொள்ளலாம். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் கறாராகப் பேசியது. ஆன்லைன் தளங்கள் வழியாக வேலை பிடிக்கும் வழக்கறிஞர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டும், அந்தத் தளங்கள் மீதும் புகார் கொடுக்க வேண்டும் என்று பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது.

அதே ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்னொன்று. வழக்கறிஞரின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. அதாவது, வக்கீல் சரியாக வேலை செய்யவில்லை என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சிக்கல் புரியும். எடுக்கும் முன்பு விசாரிக்க வழியில்லை. எடுத்த பிறகு ஏமாந்தால் மாநில பார் கவுன்சிலில் ஒழுங்கீனப் புகார் கொடுக்கலாம், அல்லது சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். அதற்கும் ஒரு வக்கீல் தேட வேண்டும்!

ஸ்டார் வேண்டாம், பட்டியல் வேண்டும்

உயர் நீதிமன்றத்தின் கவலை நியாயமானதுதான். வக்கீலுக்கு ஸ்டார் ரேட்டிங் கொடுப்பதில் அர்த்தமே இல்லை. எந்த வழக்கிலும் ஒரு தரப்பு தோற்றே ஆக வேண்டும்; தோற்றவர் ஒரு ஸ்டார்தான் போடுவார். காசு கொடுத்தவர் பெயர் பட்டியலில் மேலே வரும்.

ஆனால், தளங்களை மூடச் சொன்னதால் மக்களின் தேடல் நின்றுவிடவில்லை. அது நேராகப் போய் நிற்பது இடைத்தரகர்களிடம். போலீஸ் ஸ்டேஷன் வாசலில், சார்பதிவாளர் அலுவலகத்து டீக்கடையில், அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவுக்கு வெளியே அவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். "வர்ற நஷ்ட ஈட்டுல இவ்வளவு பர்சென்ட் கொடுத்தாப் போதும், நீங்க அலையவே வேண்டாம்" என்பதுதான் பேச்சு. வழக்கின் முடிவை வைத்து ஃபீஸ் பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் பார் கவுன்சில் விதிப்படி தவறு என்று அடிபட்டுக் கிடப்பவரின் குடும்பத்துக்கு யார் சொல்வது? தரகர்களைத் தடுக்க வழக்கறிஞர்கள் சட்டத்தில் 2023-ல் திருத்தமே கொண்டு வந்தாயிற்று. டீக்கடை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

குடும்பத்தில் ஒரு வக்கீல் இருப்பவருக்கு இது எதுவும் பிரச்சினை இல்லை. ஒரு போன் போதும். வீட்டில் முதல் பட்டதாரியாகி வேலைக்காக ஊர் மாறி வந்தவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

இதற்குத் தீர்வு தனியார் ஆப் அல்ல. வழக்கறிஞர்களைப் பதிவு செய்வதே தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில்தான். வழக்கறிஞர் தன் தளத்தில் போடலாம் என்று 36-வது விதியே அனுமதிக்கும் அதே விவரங்களை, ஊர்வாரியாக, வழக்கு வகைவாரியாக, தமிழில் தேடும்படி கவுன்சிலே வெளியிட்டால் அது எப்படி விளம்பரமாகும்? ஒழுங்கு நடவடிக்கையில் இடைநீக்கம் ஆனவர் யார் என்பதும் அந்தப் பட்டியலிலேயே தெரிய வேண்டும்.

சம்பளம் எவ்வளவாக இருந்தாலும்...

இதைவிடப் பெரிய ரகசியம் ஒன்று இருக்கிறது. 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, எந்தப் பெண்ணும் அரசு செலவில் வழக்கறிஞர் கேட்கலாம். வருமான உச்சவரம்பு கிடையாது. ஓ.எம்.ஆரில் மாதம் லட்சம் ரூபாய் வாங்குபவருக்கும் சட்டம் இதேதான். குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் அப்படியே. இதில் வராதவர்களுக்குத்தான் வருமான வரம்பு பார்க்கப்படும்.

இந்தச் செய்தியைப் படிப்பவர்களில் பாதிப் பேராவது இந்தப் பட்டியலில் இருப்பார்கள். எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஒவ்வொரு மாவட்டத்திலும் முதன்மை மாவட்ட நீதிபதியின் தலைமையில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அலுவலகம் பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கும். தாலுகா அளவில் வட்ட சட்டப்பணிகள் குழு. நேரில் போகத் தயங்குபவர்கள் 15100 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். வக்கீல் ஃபீஸ் மட்டுமல்ல, கோர்ட் கட்டணம், நகல் செலவு, டைப்பிங் செலவுகூட அவர்கள் பொறுப்பு. நியமிக்கப்பட்ட வக்கீல் தனியாகக் காசு கேட்டால் அது விதிமீறல்.

"ஃப்ரீ வக்கீல்னா சும்மா பேருக்குத்தான் வருவாரு" என்ற பேச்சு உண்டு. முழுக்கப் பொய் என்று ஒதுக்க முடியாது. ஆணைக்குழு கொடுக்கும் ஊதியம் தனியார் ஃபீஸுக்குப் பக்கத்தில்கூட வராது. அக்கறையும் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால், வக்கீல் சரியில்லை என்றால் அதே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து வேறொருவரைக் கேட்கலாம். வேலையைக் கண்காணிக்கக் குழுவே உண்டு. காசு கொடுத்து வைத்த வக்கீலிடம் இந்த வசதி கிடையாது.

அந்த தாம்பரம் அட்வான்ஸ் விவகாரத்துக்கு வருவோம். கேஸ் போடாமலேயே இதே அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். இதற்கு ஆண், பெண், வருமானம் எதுவும் தடையில்லை. எதிர்த்தரப்பை அழைத்துப் பேசுவார்கள். சமரசம் ஆனால் மக்கள் நீதிமன்றத்தில் உத்தரவாகும். அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. ஹவுஸ் ஓனர் ஒத்துக்கொள்ளவே இல்லையென்றால் கட்டாயப்படுத்த முடியாது. அப்போது வழக்கமான கோர்ட்தான். இருந்தாலும், நீதிமன்ற வளாகத்திலிருந்து வீட்டுக்கு ஒரு கடிதம் போனாலே பல ஓனர்களின் குரல் மாறிவிடும்.

கையெழுத்துக்கு முன்னால்

தனியாகத்தான் வக்கீல் வைக்க வேண்டும் என்றால், முதலில் கேட்க வேண்டியது பதிவு எண். அதைக் கேட்டால் கோபப்படுபவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. இ-கோர்ட்ஸ் தளத்திலும் ஆப்பிலும் வழக்கறிஞர் பெயரை வைத்தே தேடலாம். அந்த மாவட்டத்தில் அவர் என்ன மாதிரி கேஸ்கள் நடத்துகிறார் என்று பார்த்தால், விவாகரத்து வழக்குக்கு செக் மோசடி வக்கீலை எடுக்கும் தவறு நடக்காது. கொடுக்கும் பணத்துக்கு ரசீது அல்லது வங்கிக் கணக்கில் பதிவு இருக்கட்டும்.

வழக்குப் பதிவானதும் 16 இலக்க சி.என்.ஆர் எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது ரொம்ப முக்கியம். "இன்னைக்கு ஜட்ஜ் லீவு, வாய்தா போட்டாச்சு" என்பது உண்மையா என்று போனிலேயே தெரிந்துவிடும்.

வக்கீலை மாற்ற நினைப்பவர்களைத் தடுப்பது பெரும்பாலும் ஒரு பயம்தான்: "கட்டைத் தர மாட்டாரு". ஃபீஸ் பாக்கி இருக்கிறது என்பதற்காகக் கட்சிக்காரரின் வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. பழைய வக்கீல் சம்மதம் தராவிட்டால், காரணத்தைச் சொல்லி நீதிமன்றத்தின் அனுமதியோடு புதியவர் ஆஜராகலாம்.

இவ்வளவும் சட்டத்தில் இருக்கிறது. சாமானியரின் கைக்கு வருவதுதான் தாமதம். புகார் கொடுப்பவருக்குத் தரும் எஃப்.ஐ.ஆர் நகலிலும், வீட்டுக்கு வரும் ஒவ்வொரு சம்மனிலும், அந்த மாவட்ட ஆணைக்குழுவின் முகவரியையும் 15100 என்ற எண்ணையும் தமிழில் கட்டாயம் அச்சடிக்கச் சொல்லி அரசும் உயர் நீதிமன்றமும் உத்தரவிடலாம். பார் கவுன்சில் பட்டியல் வரும்வரை இதையாவது உடனே செய்யலாம்.