மருத்துவ வாகனம் வரும்வரை காத்திருக்கலாமா?

ஆபத்து என்றால் 995 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பது சிங்கப்பூரில் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால், அழைத்த பிறகு அவசர மருத்துவ வாகனம் வந்து சேரும்வரை என்ன செய்ய வேண்டும் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இதயத் துடிப்பு திடீரென நின்றுபோன ஒருவருக்கு வாழ்வா சாவா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்த இடைப்பட்ட நேரமே.

பலர் இதை மாரடைப்பு என்று நினைக்கின்றனர். இரண்டும் ஒன்றல்ல. மாரடைப்பின்போது இதயத் தசைக்கு இரத்தம் செல்லும் குழாயில் அடைப்பு ஏற்படுகிறது. நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார். இதயத் துடிப்பு நின்றுவிட்டாலோ, இரத்த ஓட்டமே நின்றுவிடும். சில நொடிகளில் நினைவு தப்பும். ஏறக்குறைய 4 நிமிடங்களில் மூளை பாதிப்படையத் தொடங்கும்.

சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை, பெரும்பாலான மருத்துவ அழைப்புகளுக்கு 11 நிமிடங்களுக்குள் சென்றடைவதை இலக்காகக் கொண்டுள்ளது. அடுக்குமாடி வீடுகள் நிறைந்த நகரில் இது பாராட்டத்தக்க வேகம். ஆயினும், 4 நிமிடங்களுக்கும் 11 நிமிடங்களுக்கும் இடையே உள்ள இடைவெளியை எந்த வாகனத்தாலும் முழுமையாக நிரப்ப முடியாது. அதை நிரப்பக்கூடியவர் அருகில் இருப்பவர் மட்டுமே.

அவர் செய்ய வேண்டியது கடினமானதன்று. தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால் உடனே 995-ஐ அழைக்க வேண்டும். மறுமுனையில் இருப்பவர் தொலைபேசி வழியாகவே வழிகாட்டுவார். நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்த வேண்டும். இதுவே ‘சிபிஆர்’ எனப்படும் இதய இயக்க மீட்பு. பல வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்தில் ‘ஏஇடி’ எனப்படும் இதய மின்னதிர்வுக் கருவி உள்ளது. இயக்கியதும் அதுவே பேசி வழிகாட்டும். தேவையென்று கண்டறிந்தால் மட்டுமே மின்னதிர்வு கொடுக்கும். 2015-இல் அறிமுகமான ‘மைரெஸ்பாண்டர்’ செயலியும், ஏறத்தாழ 400 மீட்டர் சுற்றளவில் உள்ள தொண்டூழியர்களை உதவிக்கு அழைக்கிறது. கருவியும் செயலியும் தயாராக உள்ளன. பயிற்சி பெற்ற கைகள்தாம் இன்னும் போதவில்லை.

“தெரியாமல் செய்து எலும்பை முறித்துவிட்டால் என்ன செய்வது?” என்று சிலர் அஞ்சுகின்றனர். முறிந்த விலா எலும்பு கூடிவிடும். நின்ற இதயம் காத்திருக்காது. “பாடச் சுமையே அதிகம், இதுவும் வேண்டுமா?” என்று வேறு சிலர் கேட்கலாம். அடிப்படைப் பயிற்சிக்குச் சில மணி நேரமே போதும். உடல் வலு குறைந்த மாணவர்கூட 995-ஐ அழைக்கலாம். ஓடிச் சென்று கருவியை எடுத்து வரலாம்.

உயிர் பிழைப்பதோடு துன்பம் முடிந்துவிடுவதில்லை என்பதையும் நாம் உணர வேண்டும். பிழைத்தவர்களில் பலர் மறதியாலும் சோர்வாலும் மன அச்சத்தாலும் பல மாதங்கள் அவதிப்படுகின்றனர். மருத்துவரின் சிகிச்சையோடு குடும்பத்தாரின் பொறுமையும் அவர்களுக்குத் தேவை. தொடக்க நிமிடங்களில் மூளைக்கு இரத்தம் சென்றிருந்தால், பழைய வாழ்க்கைக்குத் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. எனவே, நெஞ்சை அழுத்தும் கைகள் உயிரோடு ஒருவருடைய எதிர்காலத்தையும் காப்பாற்றுகின்றன.

இப்போது சீருடை அணிகள் போன்ற இணைப்பாட நடவடிக்கைகளில் சேர்ந்தவர்களுக்கு முதலுதவி கற்கும் வாய்ப்பு கிடைக்கிறது. அது போதாது. உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் ஒவ்வொரு மாணவரும் சிபிஆர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. இதயத் துடிப்பு பெரும்பாலும் வீட்டில்தான் நின்றுபோகிறது. ஆகவே, நாம் காப்பாற்றப் போவது முன்பின் தெரியாத ஒருவரை அன்று. நம் தாத்தாவையோ அம்மாவையோ ஆக இருக்கலாம். வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவுடைமை. இன்று வீடு திரும்பும்போது, உங்கள் புளோக்கிற்கு மிக அருகில் அந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.