பிணத்தைத் தூக்க மறுத்தவர்கள்

தீண்டாமையைக் கண்டித்துக் கதை எழுதுவதற்கும் படம் பிடிப்பதற்கும் நம் நாட்டில் பஞ்சமில்லை. பரிசும் கிடைக்கிறது, பதக்கமும் கிடைக்கிறது. கொட்டகையில் உட்கார்ந்து கண்ணீர் விடுபவர்களில், வீடு திரும்பியதும் வேலையாளுக்குத் தனிக் குவளையை எடுத்து வைப்பவர்களும் உண்டு. அவர்கள் அழுதது பொய் என்று நாம் சொல்லவில்லை. அந்தக் கண்ணீரும் அந்தக் குவளையும் எப்படி ஒரே வீட்டில் குடியிருக்கின்றன என்பதே நமது கேள்வி. அதற்குப் பதிலை அந்தக் கதைகளுக்குள்ளேயே தேட வேண்டும்.

பெயர் பெற்ற மூன்று படங்களை எடுத்துக்கொள்வோம். மூன்றும் நல்லெண்ணம் கொண்டவர்கள் எடுத்தவை.

1936-ல் பம்பாய் டாக்கீஸார் ‘அச்சுத் கன்யா’ என்ற ஹிந்திப் படத்தை வெளியிட்டார்கள். ரயில்வே கேட்காரரின் மகள் கஸ்தூரி, தீண்டப்படாதவள். பிரதாப் பிராமணப் பையன். இருவரும் நேசிக்கிறார்கள், ஊர் விடவில்லை. வேறு வேறு இடத்தில் கலியாணம் நடக்கிறது. கடைசியில் ரயில் பாதையில் மூண்ட சண்டையைத் தடுக்க ஓடிய கஸ்தூரி ரயிலில் அடிபட்டுச் சாகிறாள். உயிரோடு இருந்தபோது இடமில்லாதவளுக்குச் செத்த பிறகு நினைவுச் சின்னம் எழுப்புகிறார்கள்.

1954-ல் மலையாளத்தில் ‘நீலக்குயில்’ வந்தது. பி. பாஸ்கரன், ராமு காரியாட் இருவரும் சேர்ந்து இயக்கியது. உரூப் எழுதிய கதை. நீலி வயலில் வேலை செய்யும் பெண். மேல்ஜாதிப் பள்ளி ஆசிரியர் ஸ்ரீதரன் நாயர் அவளோடு உறவு கொள்கிறார். அவள் கர்ப்பமானதும் ஊருக்குப் பயந்து கைவிடுகிறார். ரயில் பாதையோரம் அவள் பிணமாகக் கிடக்கிறாள். பக்கத்தில் குழந்தை உயிரோடு இருக்கிறது. ஊரே முகம் சுளித்தபோது, தபால்காரர் சங்கரன் நாயர் அந்தக் குழந்தையைத் தூக்கி எடுத்து வளர்க்கிறார்.

1959-ல் பிமல் ராய் எடுத்த ‘சுஜாதா’வில் கதாநாயகி சாகவில்லை. பிராமண வீட்டில் வளர்ந்த தீண்டப்படாத ஜாதிப் பெண் அவள். வளர்த்த தாய் அவளை ‘மகள்’ என்று சொல்லமாட்டாள். ‘மகள் மாதிரி’ என்பாள். தாய் விழுந்து அடிபட்டபோது வீட்டில் வேறு எவர் ரத்தமும் சேரவில்லை. சுஜாதாவின் ரத்தம் சேருகிறது. அதன் பிறகுதான் அவள் மகளாகிறாள்!

இரண்டு பெண்கள் ரயில் பாதையில் மடிந்தார்கள். மூன்றாமவள் ரத்தத்தைக் கொடுத்து மனுஷியானாள். மூன்றிலும் பரீட்சை நடப்பது மேல்ஜாதிக்காரரின் மனதுக்கு. தைரியம் உண்டா இல்லையா என்ற கேள்வி அவருக்குத்தான். தாழ்த்தப்பட்டவள் அந்தப் பரீட்சைக்கான கேள்வித்தாள். அவள் வேலை செய்கிறாள், பாடுகிறாள், காதலிக்கிறாள், சாகிறாள். மறுத்து ஒரு வார்த்தை பேசுவது மட்டும் இல்லை. பார்ப்பவர் மனம் இளகிவிட்டால் கடமை முடிந்துவிடுகிறது. தனிக் குவளை அதன் இடத்திலேயே இருக்கிறது.

இதனால் இப்படங்களை நாம் தள்ளிவிடவில்லை. முக்கியமாக ‘நீலக்குயில்’ தேசிய அளவில் மதிப்புப் பெற்ற படம். மலையாள சினிமாவைப் புராண மேடையிலிருந்து வயல் வரப்புக்கு இறக்கிய படம். அந்தத் தபால்காரரை யார்தான் நேசிக்காமல் இருக்க முடியும்? ஆனாலும் ஒன்று கவனிக்க வேண்டும். அவர் சர்க்கார் சம்பளக்காரர். ஊர் கோபித்தாலும் மாதச் சம்பளம் வந்துவிடும். அவரே ஒரு பண்ணையாருக்குக் குத்தகைதாரராக இருந்திருந்தால், அந்தக் குழந்தையைத் தூக்கிய மறுநாள் நிலம் கையில் இருந்திருக்குமா? தைரியத்துக்கும் சோற்றுக்கும் உள்ள இந்த உறவைப் படம் கேட்கவில்லை.

அதைக் கேட்டவர் பிரேம்சந்த்.

1936 ஏப்ரலில் லட்சுமணபுரியில் கூடிய முற்போக்கு எழுத்தாளர் முதல் மகாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அவர். அதே வருஷம் அக்டோபரில் மறைந்தார். அவருடைய ‘சத்கதி’ என்ற ஹிந்திச் சிறுகதை சில பக்கங்களே கொண்டது. துக்கி என்பவர் தோல் வேலை செய்யும் ஜாதியைச் சேர்ந்தவர். மகளின் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கப் பண்டிதர் காசிராமிடம் போகிறார். வெறுங்கையோடு போகலாமா? ஒரு கட்டுப் புல்லைச் சுமந்து போகிறார். பண்டிதருக்கு நாள் குறிக்க அவசரமில்லை. வாசலைப் பெருக்கு என்கிறார், சாணி மெழுகு என்கிறார், வைக்கோலைக் கொண்டுவந்து போடு என்கிறார், பிறகு விறகைப் பிள என்கிறார். விறகோ முடிச்சு விழுந்த முரட்டுக் கட்டை, கோடாலியோ மழுங்கல். துக்கி காலையிலிருந்து சாப்பிடவில்லை. பண்டிதர் உண்டு உறங்கி எழுகிறார். புகைபிடிக்க நெருப்புக் கேட்டு வாசற்படி வரை வந்த குற்றத்துக்குப் பண்டிதரின் மனைவி எட்ட நின்று தணலை எறிகிறாள். அது அவர் தலையில் விழுகிறது. அதையும் தம் பாவத்தின் பலன் என்றே அவர் எடுத்துக்கொள்கிறார்! மறுபடியும் கோடாலியை எடுக்கிறார். கட்டை பிளக்கிறது; துக்கியும் விழுந்து சாகிறார்.

இவ்வளவில் நிறுத்தியிருந்தால் இதுவும் ஒரு கண்ணீர்க் கதையே. பிரேம்சந்த் நிறுத்தவில்லை. கூலி கொடுக்காமல் வேலை வாங்குவதற்குப் பெயர் தர்மம் என்று காட்டிய அவர், அடுத்து ஒன்றைக் காட்டுகிறார். துக்கிக்குப் புகையிலை கொடுத்து, அவரோடு நின்று அந்தக் கட்டையைத் தாமும் வெட்டிப் பார்த்த கோண்டு ஜாதிக்காரர் ஒருவர் சேரிக்கு ஓடுகிறார். பிணத்தைத் தூக்கப் போகாதீர்கள், போலீஸ் விசாரணை வரும் என்கிறார். பிறகு பண்டிதர் வந்து அழைக்கிறார், மிரட்டுகிறார், கெஞ்சுகிறார். ஒருவர் கூட அசையவில்லை!

பிணம் கிடப்பது கிணற்றுக்குப் போகும் வழியில். அக்கிரகாரத்தில் தண்ணீர் எடுக்க முடியவில்லை. நாற்றம் எழுகிறது. தொட்டால் தீட்டு, தொடாவிட்டால் வாழ முடியாது. கடைசியில் விடியும் முன் பண்டிதரே கயிற்றில் சுருக்குப் போட்டுக் காலில் மாட்டி, பிணத்தை இழுத்துக்கொண்டு போய் ஊருக்கு வெளியே போட்டுவிட்டு வந்து தலை முழுகுகிறார். வயலில் கிடந்த உடலை நரியும் கழுகும் பிடுங்குகின்றன.

இது என்ன? தோழர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இது ஒரு வேலை நிறுத்தம். ஒரு பகல், ஓர் இரவு நடந்தது. சங்கமில்லை, கொடியில்லை. போலீஸ் பயமும் அதில் கலந்திருந்தது. பிரேம்சந்த் அதை மறைக்கவில்லை. கலந்திருக்கட்டுமே! ஆலை வாசலில் முதல் நாள் நின்றவர்களில் பயமில்லாமல் நின்றவர் எத்தனை பேர்?

1981-ல் சத்யஜித் ராய் இதைத் தூர்தர்ஷனுக்காகப் படமாக்கினார். ஓம் பூரி துக்கியாகவும் ஸ்மிதா பாட்டீல் அவர் மனைவியாகவும் நடித்தார்கள். நல்லவராக வந்து கண்ணீரைத் துடைக்கும் மேல்ஜாதிப் பாத்திரம் ஒன்று கூட அதில் கிடையாது.

தீண்டாமையின் வேர் உழைப்பில் இருக்கிறது என்பதைக் காணாத எழுத்து எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் வழி தவறுகிறது. தமிழிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் தீயில் கருகினார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அரைப்படி நெல் அதிகம் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். இதை வைத்து இந்திரா பார்த்தசாரதி ‘குருதிப்புனல்’ நாவலை எழுதினார். 1977-ல் சாகித்ய அகாதமி பரிசும் பெற்றது. மறந்துபோகக் கூடாததை நாட்டுக்கு நினைவூட்டியதற்காக அவரை மதிக்கிறோம். ஆனால் மிராசுதாரின் வெறிக்குக் காரணமாக அவருடைய ஆண்மைக் குறையை நடுவில் கொண்டுவந்து வைத்ததை அன்றே இடதுசாரி விமர்சகர்கள் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் சரியே. மிராசுதார் ஆரோக்கியமானவராக இருந்திருந்தால் அரைப்படி நெல்லைச் சிரித்த முகத்தோடு அளந்திருப்பாரா?

அப்படியானால் மேல்ஜாதியில் பிறந்தவரின் தைரியத்துக்கு மதிப்பே இல்லையா என்று சிலர் கேட்கலாம். உண்டு. 1943-ல் தஞ்சைக்கு வந்த தோழர் பி. சீனிவாசராவ் கன்னட நாட்டில் மேல்ஜாதிக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் யாருக்காகவும் கண்ணீர் விட்டு நிற்கவில்லை. சேரியில் தங்கினார், சேரியில் உண்டார், அடித்தால் திருப்பி அடி என்று சொன்னார். சவுக்கடியும் சாணிப்பாலும் பண்ணைகளை விட்டு ஒழிந்தது எந்த மிராசுதாரின் மனம் இளகியும் அல்ல. விவசாயத் தொழிலாளர்கள் சங்கம் கட்டி நின்றதனால். இப்படிப்பட்ட ஒரு மனிதரை நாயகராக வைத்துக் கதை பண்ணுவது கஷ்டம். ஏனென்றால் அவர் நடுவில் நிற்கவில்லை, கூட்டத்தோடு நின்றார்.

சத்கதி எழுதி எண்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு, 2016 ஜூலையில், குஜராத்தில் ஊனா அருகே செத்த மாட்டின் தோலை உரித்துக்கொண்டிருந்த தலித் குடும்பத்தாரைப் பசுவைக் கொன்றவர்கள் என்று சொல்லிப் பிடித்து, இளைஞர்களைக் காரில் கட்டி வைத்து அடித்தார்கள். அடித்ததைப் படமும் பிடித்துப் பரப்பினார்கள். அதற்குப் பதிலாக அந்த மாகாணத்துத் தோல் தொழிலாளர்கள் செத்த மாடுகளை எடுக்க மறுத்தார்கள். சுரேந்திரநகரில் மாட்டுச் சடலங்களை வண்டியில் ஏற்றி வந்து கலெக்டர் ஆபீஸ் முன்னால் இறக்கிவிட்டுப் போனார்கள். ஆகஸ்டில் ஆமதாபாத்திலிருந்து ஊனாவுக்கு நடந்த யாத்திரையில் எழுந்த கோரிக்கை இரக்கம் அல்ல. குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் நிலம். ஊனா தோழர்களில் சத்கதியைப் படித்தவர் எத்தனை பேரோ! ஆனால் பிரேம்சந்த் அவர்களைச் சரியாகப் படித்திருந்தார்.

ராயின் படம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. சங்க ஆபீஸிலோ படிப்பகத்திலோ திரை கட்டி, பகல் ஷிப்டு விட்டு வந்தவர்களும் இரவு ஷிப்டுக்குப் போகிறவர்களும் சேர்ந்து பார்க்கலாம். கிராமங்களில் அறுவடை முடிந்த மாதங்கள் தோது. வசனம் ஹிந்தி, தெரிந்த தோழர் ஒருவர் கதையை முன்கூட்டியே தமிழில் சொல்லிவிடட்டும். படம் முடிந்ததும் உடனே கலைந்துபோக வேண்டாம். நம் ஊரில் சாவுக்குப் பறையடிப்பதும், செத்த மாட்டைத் தூக்குவதும், சாக்கடைக் குழியில் இறங்குவதும் இன்றும் யார் தலையில் இருக்கிறது, அதற்குக் கூலி என்ன என்பதை அங்கேயே உட்கார்ந்து பேசுங்கள்.