மறந்த சொல்லும் மறக்கலாகாத எண்ணும்



வீட்டுக்கும் பெட்டிக்கும் மட்டுமே பூட்டு இருந்த காலம் மறைந்துவிட்டது. இன்று நம் சேமிப்பும், பிள்ளைகளின் தேர்வு விண்ணப்பமும், அரசுச் சான்றிதழ்களும் கணிப்பொறியின் பூட்டுக்குள் இருக்கின்றன. அப்பூட்டின் திறவுகோல் இடுப்பில் செருகிக்கொள்ளும் பொருளன்று. மனத்தில் வைத்திருக்கும் ஒரு சொல். சொல்லாதலின் மறந்துபோகிறது. மறந்தவரோ, "நமக்கு என்ன தெரியும்?" என்று நாணி, அதனை மீட்கும் பொறுப்பை முன்பின் அறியாதவரிடம் ஒப்படைத்துவிடுகிறார். நாம் கவலையுறுவது மறதியைப் பற்றியன்று. இந்த ஒப்படைப்பைப் பற்றியே.

எம்.கே.பி. நகரிலும் வியாசர்பாடியிலும் வாழும் நம் குடும்பங்களில், திருவொற்றியூர், எண்ணூர்த் தொழிற்சாலைகளில் உழைத்தோர் பலர். அவர்களுடைய வியர்வையின் சேமிப்பு பி.எஃப். எனும் வருங்கால வைப்பு நிதியே. 2014-ஆம் ஆண்டு முதல் இந்நிதியின் உறுப்பினருக்கு யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் வழங்கப்படுகிறது. வேலை மாறினாலும் அவ்வெண் மாறாது. ஆனால் இணையத்தில் கணக்கைத் திறக்க, எண்ணோடு கடவுச்சொல்லும் வேண்டும். மகளின் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ பணம் தேவைப்படும் வேளையில் அச்சொல் நினைவுக்கு வராவிடில் என்ன செய்வது?

"அலுவலகத்தைக் கேட்டால் பழைய சொல்லைச் சொல்லமாட்டார்களா?" எனலாம். சொல்ல இயலாது என்பதே உண்மை. ஒழுங்காக இயங்கும் நிறுவனம் எதுவும் நம் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை. அரிசியை மாவாக அரைப்பதுபோல், அதனை உருத்தெரியாத எழுத்துகளாக மாற்றியே வைக்கிறது. நாம் மறுமுறை சொல்லைத் தட்டும்போது அதனையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கிறது. அரைத்த மாவு மீண்டும் அரிசியாவதில்லை அல்லவா?

இவ்வேற்பாடு பட்டறிவால் வந்தது. 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் பலர் பகிர்ந்து பயன்படுத்திய கணிப்பொறிக்குக் கடவுச்சொல் முறை புகுத்தப்பட்டது. சொற்கள் யாவும் ஒரே கோப்பில் உள்ளபடியே இருந்தன. 1962-இல், கூடுதல் நேரம் கணிப்பொறியில் வேலை செய்ய விரும்பிய ஆய்வு மாணவர் ஆலன் ஷெர், அக்கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார்!

ஆகவே, மறந்த சொல்லைக் கண்டுபிடித்துத் தருவதாக ஒருவர் கூறினால் நம்பவேண்டா. பழையதை மீட்பதில்லை, புதியதை அமைப்பதே வழி. நுழைவுப் பக்கத்திலுள்ள 'ஃபர்காட் பாஸ்வேர்டு' என்ற வரியை அழுத்தி, கேட்கும் விவரங்களை அளித்தால், பதிவு செய்த கைப்பேசிக்கு ஓ.டி.பி. எனும் ஒருமுறை எண் வரும். அதனை இட்டுப் புதிய சொல்லை அமைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் உண்மையான திறவுகோல் எதுவென்று விளங்குகிறது. அது கடவுச்சொல்லன்று, கைப்பேசி எண்ணே. கணக்கைத் தொடங்கும்போது, உதவிக்கு வந்தவரின் எண்ணைப் பதிந்துவிட்டால், நம் வீட்டுச் சாவி அவர் கையில் இருக்கிறது என்பதே பொருள். பழைய சிம் அட்டையைப் பணம் செலுத்தாமல் கைவிட்டாலும் தீங்குண்டு. துண்டிக்கப்பட்ட எண், குறைந்தது 90 நாள்கள் கழித்து வேறொருவருக்கு வழங்கப்படக்கூடும் என்பது 2023-இல் உச்ச நீதிமன்ற வழக்கொன்றில் வெளிப்பட்டது. குடும்பத் தலைவர் மறைந்தபின் அவருடைய எண்ணை உடனே விட்டுவிடும் வீடுகள் இதனைக் கருதவேண்டும்.

வீட்டிலுள்ள கணிப்பொறியின் பூட்டு சற்று வேறானது. விண்டோஸில், மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழி நுழைபவர் வேறொரு கருவியிலிருந்து சொல்லை மாற்றிக்கொள்ளலாம். அக்கணினிக்கு மட்டுமான கணக்காயின், முன்னரே அமைத்த பாதுகாப்புக் கேள்விகள் உதவும். அவையும் இல்லையேல் கணிப்பொறியைப் புதிதாக அமைக்க நேரும். உள்ளிருக்கும் படங்களும் பாடக்குறிப்புகளும் அழியும். எனவே முக்கியமானவற்றுக்கு மற்றொரு படி எடுத்து வைத்தல் நன்று.

இம்மாதம் ஒரு மாலைப்பொழுதில் குடும்பமாக அமருங்கள். வங்கி, ஆதார், வைப்பு நிதி ஆகியவற்றில் எந்தக் கைப்பேசி எண் பதிவாகியுள்ளது என்று பாருங்கள், மாறியிருந்தால் திருத்துங்கள். பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைக்காமல், தொடர்பற்ற மூன்று நான்கு சொற்களைக் கோத்து நீளமாக வையுங்கள். நினைவு தளர்ந்த முதியோர் அதனை ஒரு தாளில் எழுதிப் பீரோவில் பூட்டி வைப்பதில் தவறில்லை. ஒருமுறை எண்ணை மட்டும் எவர் கேட்டாலும் சொல்லற்க. ஏமாந்து பணம் போயிற்றெனில், தாமதியாது 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். தாய் தந்தையர்க்காக நீங்களே எல்லாவற்றையும் செய்து முடித்துவிடுவது எளிது. அருகில் அமர்ந்து, அவர்கள் விரலாலேயே அழுத்தச் செய்வது கடினம். ஆயினும் அதுவே உதவி. உழைத்துச் சேர்த்தவர் தம் பெட்டியைத் தாமே திறக்க வேண்டும்.